ஏழு மணி நாற்பத்திரண்டு

அன்புள்ள அக்காவுக்கு,

வாண்டு எழுதுவது. இங்கே அம்மாவும் அப்பாவும் நலம். நான் நலமா இல்லையா என்பதை நீ கடைசிவரை படித்துவிட்டு முடிவு செய்துகொள்.

இந்தக் கடிதம் உன் சாம்பல் நிற ஸ்வெட்டரின் இடது கைக்குள் இருக்கும். நீ எப்போதும் இடது கையைத்தான் முதலில் நுழைப்பாய். எதிர்வீட்டு அண்ணி சனிக்கிழமை காலை ரயிலில் உன் ஊருக்கு வருகிறார். அம்மா அவரிடம் ஸ்வெட்டரையும் இரண்டு துண்டையும் நீ மறந்துவிட்டுப் போன சார்ஜரையும் கொடுத்துவிடுகிறாள். உன் ஆபீஸில் குளிர் எலும்பு வரை இறங்குகிறது என்று நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்கு அதே பேச்சு. கம்ப்யூட்டருக்கு வேர்க்கும் என்பதற்காக மனிதர்களை ஏன் விறைக்க வைக்கிறார்கள் என்று எதிர்வீட்டு அண்ணியிடம்கூடக் கேட்டுவிட்டாள். அண்ணிக்கும் தெரியவில்லை.

நான் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுது பார்க்கக் குழிக்குள் இறங்கும்போது அப்பா நெற்றியில் மாட்டிக்கொள்வாரே, அந்த விளக்கு இப்போது என் நெற்றியில் இருக்கிறது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தால் அணைத்துவிடுவேன். எங்காவது வரி கோணிக்கொண்டு போனால் அதுதான் காரணம். காலையில் அப்பாவுக்கு பேட்டரி தீர்ந்துபோகக் கூடாது. அதனால் சீக்கிரம் விஷயத்துக்கு வர வேண்டும் என்று நினைக்கிறேன். வரத்தான் முடியவில்லை.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். நம் வீட்டில் போன் எப்படி என்று உனக்குத் தெரியும். நீ அழைத்தால் அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைப்பார். மூன்று பேரும் அதன் முன்னால் நின்றுகொண்டு, புகைப்படம் எடுக்க நிற்பவர்கள் மாதிரி பேசுவோம். அதற்கு நடுவில் இதைச் சொல்ல முடியாது. ஒரு முறை முயற்சி செய்தேன், அக்கா. நேற்று எல்லோரும் படுத்த பிறகு அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய் உன்னை அழைத்தது நான்தான். "அப்பா? என்னப்பா இந்த நேரத்துல?" என்று கேட்டாய். உன் குரல் அழுது ஓய்ந்த குரல் மாதிரி இருந்தது.  துண்டித்துவிட்டேன்.

காலையில் நீ அப்பாவை அழைத்துக் கேட்டாய் அல்லவா? அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "தூக்கத்துல என் கை பட்டிருக்கும்மா, பயந்துட்டியா?" என்று உன்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். நான் செய்ததைத் தன் கை செய்தது என்று நம்பிய இரண்டாவது ஆள் அப்பா. முதல் ஆள் யார் என்று இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் பரவாயில்லை, சொல்லத்தான் போகிறேன்.

அதற்கு முன்னால் வேறு சிலவற்றைச் சொல்லிக்கொள்கிறேன். நீ அந்தப் பெரிய கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் போனதிலிருந்து சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். பாடத்தை இப்படிப் படித்திருந்தால் வகுப்பில் முதல் ஆளாக வந்திருப்பேன். முதல் நாள் கழுத்தில் மாட்டும் அட்டையை மேசையில் மறந்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய், கதவு திறக்காமல் இருபது நிமிடம் வெளியே நின்றாய். எல்லா மாடியும் ஒரே அச்சாக இருந்ததால் வேறு மாடியில் யாருடைய நாற்காலியிலோ போய் உட்கார்ந்தாய். அவர்களும் புது ஆள் என்று நினைத்து உனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். காலையில் எல்லோரும் வட்டமாக நின்று நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன் என்று சொல்ல வேண்டும் என்பதால் விடுதிக் கண்ணாடி முன்னால் நின்று பழகினாய். மேடம் தலைமுடியில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார் என்று சொன்னாய். அங்கே யாரும் பென்சிலால் எழுதுவதே இல்லையே, பிறகு எதற்கு என்று அம்மா கேட்டாள். அன்றிலிருந்து உன் மேலதிகாரிக்கு நம் வீட்டில் பென்சில் மேடம் என்று பெயர்.

இரண்டு வாரம் உட்கார்ந்து நீ மாற்றி எழுதியது ஒரே ஒரு சின்ன விஷயம். அதற்கு மேடத்திடமிருந்து முப்பத்தொரு குறிப்புகள் வந்தன. எங்கள் கணக்கு டீச்சர்கூட என் விடைத்தாளுக்கு அவ்வளவு மை செலவழித்ததில்லை. நீ அழுதுவிடுவாய் என்று பயந்தேன். நீ சிரித்தாய். "வாண்டு, நான் எழுதினதை ஒருத்தங்க முப்பத்தொரு எடத்துல நின்னு படிச்சிருக்காங்கடி" என்று சொன்னாய். எனக்கு அது அப்போது புரியவில்லை. என் நோட்டில் சுழித்திருந்த இடங்களை எல்லாம் அன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

பிறகு அது உண்மையாகவே வெளியே வந்தது. பணம் கட்டும் பக்கத்தில் 'மீண்டும் முயற்சி செய்க' என்ற பொத்தானை அவசரக்காரர்கள் படபடவென்று அமுக்கினால், இனி அது சாம்பல் நிறமாகி நான்கு விநாடி பொறுத்திருக்கும். எத்தனை தடவை அமுக்கினாலும் ஒரு தடவைதான் எடுத்துக்கொள்ளும். நாங்கள் மூவரும் அம்மாவின் போனில் அதைத் திறந்து, அது சாம்பலாவதைப் பார்த்துக் கை தட்டினோம். மறுநாள் அப்பா ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறியவர்களிடம் எல்லாம் போனை நீட்டி, "இந்தப் பட்டன் இருக்குல்ல, இது என் பெரிய பொண்ணு" என்று சொல்லியிருக்கிறார். ஒரு நர்ஸ், உங்கள் பெண்ணுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை போல, நிறம் வெளுத்திருக்கிறதே என்று கேட்டாராம்.

அவசரமாக அமுக்குகிறவர்களிடமிருந்து உலகத்தைக் காப்பாற்ற நீ பொத்தான் செய்தாய். உன் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள் என்று உனக்குத் தெரியவில்லை.

நீ லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த போன சனிக்கிழமை சாயங்காலத்தை எழுதுகிறேன். ஏதாவது தெரியாமல் உடைந்துவிட்டால் உன் ஆபீஸில் ஒரு தாள் எழுதுவார்கள் என்று அன்று மதியம் சாப்பிடும்போது நீதான் சொன்னாய். அதில் யாருடைய பெயரும் இருக்காது, மணி மட்டும் இருக்கும், எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று. யார் என்று கேட்க மாட்டார்கள், எப்படி என்றுதான் கேட்பார்கள். ஏன், ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டுக்கொண்டே போனால் அடியில் இருக்கும் காரணம் வந்துவிடும் என்றாய். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "யாருன்னு தெரியாம எப்படித் திட்டறது?" என்று கேட்டார். அம்மாவுக்குப் புரை ஏறும் வரை சிரித்தோம். நான் அந்தத் தாள் மாதிரியே எழுதப் பார்க்கிறேன்.

ஏழரை மணி இருக்கும். நீ லேப்டாப்பை இந்த மேசை மேல் வைத்து வேலை செய்துகொண்டிருந்தாய். இப்போது அதற்கு நேர் கீழேதான் நான் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா வாசலில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். திரையில் கறுப்பாக ஒரு கட்டம், அதில் ஒரு கேள்வி. சோதனைக்காக வைத்திருக்கும் இல்லாத மனிதர்களை மொத்தமாக அழிப்பதற்கு நீ எழுதிய புரோகிராம், தொடரவா என்று கேட்டுக்கொண்டு நின்றது. நாற்பதாயிரம் பேர் என்று சொல்லியிருந்தாய். பெயர், முகவரி, பிறந்த நாள் எல்லாம் இருக்கும், ஆனால் ஆள் இருக்க மாட்டான். எதைச் செய்தாலும் முதலில் அவர்களிடம் செய்து பார்த்துவிட்டுத்தான் நிஜ மனிதர்களிடம் போவீர்கள். அதற்கு முந்தின வாரம்தான் அதில் எனக்கும் ஒரு இடம் கொடுத்திருந்தாய். வாண்டு என்ற பெயரில், என் பிறந்த நாளோடு.

உனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. அது அழிக்கப் போவது அந்தப் பட்டியலின் உன் சொந்தப் பிரதியையா, ஆபீஸில் எல்லோருக்கும் பொதுவானதையா என்று. நீ அமுக்கவில்லை, அக்கா. இதை இரண்டு தடவை படி. உனக்குச் சந்தேகம் வந்தது, நீ அமுக்கவில்லை. மேடத்திடம் கேட்டுவிடலாம் என்று எழுந்தாய். உன் போன் சார்ஜில் கிடந்ததால் அப்பாவின் போனை எடுத்துக்கொண்டாய். வீட்டுக்குள் சரியாகக் கேட்காது என்று மொட்டை மாடிக்கு ஓடினாய். போகும்போது என்னிடம், "வாண்டு, திரை அணைஞ்சா மறுபடி மொதல்லேர்ந்து எல்லாம் போடணும். தூங்க விடாம பாத்துக்கோ. விரலால லேசா தடவினாப் போதும். எதையும் அமுக்காதே. உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று சொன்னாய்.

நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். ஓடி வந்து பார்த்தபோது திரை மங்க ஆரம்பித்திருந்தது. கையைத் துடைக்காமல் தடவினேன். ஈரத்தில் அந்த அம்பு அசையவே இல்லை. பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி தடவினேன். திரை இன்னும் மங்கியது. நீ மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருக்குமே என்று பதறி, இருந்ததிலேயே பெரிய பொத்தானை ஒரு தடவை அமுக்கினேன்.

திரை பளிச்சென்று வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். பிறகு சின்னச் சின்ன வரிகள் மேலே ஓடின, மழையில் கண்ணாடியில் வழிகிற மாதிரி. நின்றுவிட்டது. அவ்வளவுதான். சத்தம்கூட வரவில்லை. எதையாவது உடைத்தால் சத்தம் வர வேண்டாமா?

நீ இறங்கி வந்தாய். திங்கட்கிழமை பார்க்கலாம், இப்போது எதையும் ஓட்டாதே என்று மேடம் சொல்லிவிட்டார் என்றாய். திரையைப் பார்க்காமலே மூடினாய். தூங்கிடலையே என்று கேட்டாய். இல்லக்கா என்றேன். என் கன்னத்தைக் கிள்ளி, சமர்த்து என்றாய். அந்த இடம் இன்னும் வலிக்கிறது. நீ அழுத்திக் கிள்ளவில்லை.

விளக்கு மங்குகிறது. அப்பாவுக்கு மிச்சம் வைக்க வேண்டும். மீதியை நாளை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக விளக்கைப் போட்டுப் பார்த்தேன், எரிந்தது. நேற்று எழுதியதை அறிவியல் நோட்டுக்குள் வைத்துப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனேன். நாள் முழுக்கப் பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

புதன்கிழமை போன் வந்தபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரியும். திங்கள் காலை உங்கள் ஆபீஸில் நாற்பது பேர் வேலை செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொன்னாய். இல்லாத மனிதர்கள் எல்லோரும் நிஜமாகவே இல்லாமல் போய்விட்டார்கள். பழைய பிரதியிலிருந்து மீட்டுவிட்டார்கள், ஆனால் கடைசி மூன்று வாரத்தில் சேர்த்தவர்கள் போனது போனதுதான். அப்படியானால் நானும் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். என்னை நானே அழித்திருக்கிறேன்.

யாரும் உன்னைத் திட்டவில்லை என்றாய். மேடம் உன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, என்ன நடந்தது என்று மட்டும் கேட்டாராம்.  சனிக்கிழமை இரவு ஏழு நாற்பத்திரண்டுக்கு உன் பெயரில் ஓடியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. நீ அமுக்கிய ஞாபகம் உனக்கு இல்லை. அப்போது நீ என்னைக் கேட்டாய். "வாண்டு, நீ எதையாவது அமுக்கினியா? சும்மா சொல்லு, கோவப்பட மாட்டேன்." நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, அவள் எதுக்குத் தொடப் போகிறாள் என்றார். அவர் குரலில் அவ்வளவு நம்பிக்கை. நான், தடவினேன், அமுக்கவில்லை என்று சொன்னேன்.

நீ உடனே நம்பிவிட்டாய். நான் உன்னிடம் பொய் சொன்னதில்லை என்பதால் நம்பினாய். என்னை நம்பியதால்தான் உன்னை நம்ப முடியாமல் போய்விட்டது. எழுந்த அவசரத்தில் நானே தட்டியிருப்பேன் என்று சொன்னாய். பிறகு நீ பேசியதை அப்படியே எழுதுகிறேன். "என் கை என்ன பண்ணுதுன்னு எனக்கே தெரியலைன்னா, நாளைக்கு நிஜ ஆளுங்க விஷயத்துல எப்படிப்பா கை வைக்கிறது? இன்னும் மூணு வாரம் இருக்கு, வேணாம். திங்கக்கிழமை மேடம்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

 அப்பா, வந்துடும்மா, இங்க எடமா இல்ல என்றார். போனை வைத்துவிட்டுத் தன் ஸ்பேனர்களை எல்லாம் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்தவைதான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றாள். மூன்று வருடமாக நீ இந்த இடத்துக்காகப் படித்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்று தெரியப்போகும் தேதியில் உனக்காக வட்டம் போட்டு வைத்திருந்த காலண்டரை அம்மா அன்று இரவு ஆணியிலிருந்து எடுத்துவிட்டாள்.

இப்போது எனக்கு இரண்டு பயம். ஒன்று பழையது. எங்கள் கம்ப்யூட்டர் சாரிடம், கம்பெனிக் கம்ப்யூட்டரில் இருப்பதை யாராவது தெரியாமல் அழித்துவிட்டால் என்ன ஆகும் என்று பொதுவாகக் கேட்டேன். கம்பி எண்ண வேண்டியதுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து அழைப்பு மணி அடித்தால் நான் துணி அலமாரிப் பக்கம் போய்விடுகிறேன். நேற்று வந்தது கேஸ்காரர். அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்து, ஏண்டி இப்படித் துணிக்குள்ள நிக்கற, வாயில வேற பூட்டுப் போட்டிருக்கற என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இன்னொரு பயம் பெரியது. வீட்டு ஆள் யாரும் அந்த லேப்டாப்பைத் தொடக் கூடாது என்று முதல் நாளே நீ கையெழுத்துப் போட்டாய் அல்லவா? நான்தான் அமுக்கினேன் என்று சொன்னால், தவறுதலாகத் தட்டினாய் என்பது போய், கம்பெனிப் பொருளைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போனாய் என்று ஆகிவிடும். தவறுதலாகத் தட்டியதை மன்னித்தவர்கள் அதை மன்னிப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை. புதன்கிழமையிலிருந்து என் வாயை மூடியது அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று. இன்று அந்த ஏன், ஏன் என்பதைச் செய்து பார்த்தேன். ஏன் அமுக்கினேன்? திரை மங்கியது. ஏன் பதறினேன்? தூங்க விடாதே என்று நீ சொன்னாய். ஏன் உன்னிடம் சொல்லவில்லை? நீ சமர்த்து என்றாய். மூன்றாவது ஏனிலேயே அடி தட்டிவிட்டது. உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன் என்று சொன்னாயே, அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு காரணமே இல்லை.

ஒரு சாட்சி கண்டுபிடித்திருக்கிறேன். அப்பா குளிக்கும்போது அவர் போனில் பார்த்தேன். சனிக்கிழமை அதிலிருந்து ஒரு புது எண்ணுக்கு அழைப்பு போயிருக்கிறது. ஏழு முப்பத்தாறுக்கு ஆரம்பித்துப் பதினான்கு நிமிடம். நீ எட்டு மணி சுமாருக்குப் பேசியதாகப் புதன்கிழமை போனில் சொன்னாய். இல்லை. ஏழு நாற்பத்திரண்டுக்கு நீ மொட்டை மாடியில் நின்று மேடத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தாய். மேடத்தின் போனிலும் அது இருக்கும். உன் கை அப்பாவின் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது, அக்கா. உன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேடத்துக்குத் தனியாக ஒரு தாள் எழுதி இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். விடுப்பு விண்ணப்பம் தவிர முறையாக வேறு கடிதம் எழுத எனக்குத் தெரியாது. அதனால் அந்த மாதிரியே இருக்கும், சிரிக்காதே. சனிக்கிழமை மாலை தங்கள் நிறுவனத்தின் லேப்டாப்பில் பெரிய பொத்தானை அமுக்கியவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் நான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன் என்று தொடங்கியிருக்கிறேன். அந்த நேரத்தில் என் அக்கா தங்களிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள், ஆகவே அவளை மன்னிக்கும்படி கேட்கவில்லை, மன்னிக்க அவள் எதுவும் செய்யவில்லை என்று முடித்திருக்கிறேன். கீழே பெற்றோர் கையொப்பம் என்று எழுதி இடம் விட்டிருக்கிறேன். பழக்கத்தில் வந்துவிட்டது. அந்தத் தாளைக் கொடுப்பதும் கிழிப்பதும் உன் விருப்பம். கிழித்தால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். ஒரு தடவைகூட.

இன்று சாப்பிடும்போது அப்பா தானாக உன் கம்பெனியைத் திட்ட ஆரம்பித்தார். அவர் குழிக்குள் இறங்கினால் மேலே மெயின் சுவிட்சில் சிவப்பு அட்டை மாட்டிப் பூட்டுவார், சாவி அவர் பையிலேயே இருக்கும், மாட்டியவர் வந்துதான் எடுக்க வேண்டும், பெரிய டாக்டரே வந்தாலும் சுவிட்சைத் தொட முடியாது. ஒரு தட்டுத் தட்டினா நாப்பதாயிரம் பேர் போற எடத்துல ஒரு சிவப்பு அட்டை கூடவா இல்லை, இது என்ன பெரிய கம்பெனி என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் யோசித்தேன். வெறுமனே தட்டினால் போதும் என்று இருக்காமல், எதை அழிக்கப் போகிறோமோ அதன் முழுப் பெயரையும் எழுதினால்தான் ஓடும் என்று உன் புரோகிராம் கேட்டிருந்தால், என் ஈரக் கையால் ஒன்றும் செய்திருக்க முடியாது. உங்கள் தாளில் இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று ஒரு இடம் இருக்கும் என்றாயே, அங்கே வேண்டுமானால் இதைப் போடு. இது என் யோசனை இல்லை, பாதி அப்பாவுடையது. அவருக்கு அது தெரியாது.

நாளை தெரிந்துவிடும். அண்ணியின் ரயில் ஒன்பது மணிக்கு. அது கிளம்பிய பிறகு அப்பா சைக்கிளுக்கு எண்ணெய் விட உட்காருவார். அப்போது போய்ச் சொல்லிவிடப் போகிறேன். இதை உனக்கு எழுதிவிட்டதால் இனி பின்வாங்க முடியாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். அவர் முதலில் யார் என்றுதான் கேட்பார். நான்தான் என்று சொல்ல வேண்டும். நூறு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். அதைச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் எப்படி என்று கேட்பாரோ என்னவோ.

நீ என்னிடம் பேசாமல் இருந்தால் அது நியாயம்தான். எத்தனை நாள் என்பதை நீயே வைத்துக்கொள். ஆனால் திங்கட்கிழமை மேடத்திடம் போவதாக இருந்தால், உன் கையைப் பற்றி மட்டும் தப்பாக எதுவும் சொல்லிவிடாதே. அம்மா எடுத்த காலண்டரை நான் மறுபடி ஆணியில் மாட்டிவிட்டேன். அவள் பார்த்தாள், எடுக்கவில்லை.

அந்தத் தாளில் யார் பெயரும் எழுதுவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உன் மனதுக்குள் ஒரு தாள் வைத்து, அதில் உன் பெயரை எழுதிக்கொண்டு ஐந்து நாளாகத் தூங்காமல் இருக்கிறாயே, அதை மட்டும் இப்போதே அழித்துவிடு, அக்கா. அந்த இடத்தில் என் பெயரை எழுது. மூன்று வாரம் கழித்து, எல்லாம் முடிந்து உனக்கு நேரம் கிடைத்தால், அந்த இல்லாத மனிதர்களோடு என்னையும் திரும்பச் சேர்த்துவிடு.

ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். குளிரும்.

உன் அன்புத் தங்கை,
வாண்டு